கூட்ட அறைக் கம்பளம்

பதினாறு மணி நேரம் ஆகியும் எங்கள் அலுவலகக் கூட்ட அறையின் கம்பளம் காயவில்லை. கதவைத் திறந்தாலே நனைந்த சாக்கு நாற்றம்.

முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு அதைக் கழுவிவிட்டுப் போனவர்கள் ஒரு கணவனும் மனைவியும். மேலாளர் ஃபோனில் போட்ட சத்தத்தில் இருவரும் காலையிலேயே ஓடி வந்திருந்தார்கள்.

“ராத்திரிக்குள்ள காஞ்சிடும்னீங்க. பதினோரு மணிக்கு ஆளுங்க வந்து எங்க உக்காருவாங்க, மேசை மேலயா? இந்த லட்சணத்துல மத்த மூணு மாடியையும் உங்ககிட்ட எப்படிக் குடுக்கறது?”

அந்த அக்கா மண்டியிட்டு உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். கை நனைந்தது.

“அளவாத்தான் சார் தண்ணி விட்டேன். மெஷின்ல ஒரு இழுப்பு தண்ணியோட, மூணு இழுப்பு வெறும் உறிஞ்சல்.”

“உன்னைக் கழுவச் சொன்னாங்களா, குளிப்பாட்டச் சொன்னாங்களா?” என்றார் கணவர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அவர் அளவாகத்தான் விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது தரையோடு வீசும் இரண்டு மின்விசிறிகளை ஓடவிட்டு, “காலைல வரைக்கும் நிறுத்திடாதம்மா” என்று என்னிடம்தான் சொன்னார். எல்லோரும் கிளம்பியபின் நான் அவற்றை நிறுத்தினேன். அந்த இரைச்சலில் ஃபோனில் எதுவும் கேட்காது. பேசி முடித்த படபடப்பில் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் முதல் ஆளாக வந்து மறுபடி ஓடவிட்டேன். நான் இயற்பியல் படித்தவள். அசையாத காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் பிறகு எதுவும் சுலபத்தில் காயாது என்பது எனக்குத் தெரியும்.

“வால்வு ஒழுகுதோ என்னமோ” என்று அக்கா இயந்திரத்தைத் திறந்து பார்த்தார். ஒழுகவில்லை. “அப்ப என் கைதான்.”

தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறைத்து, அறைக்கு வெளியே நடைபாதைக் கம்பளத்தில் ஓர் ஓரத்தைக் கழுவிக் காட்டினார். அரை மணியில் காய்ந்தது. அங்கிருந்த செருப்புக் கறையும் அப்படியே இருந்தது.

மேலாளர் குனிந்து பார்த்தார். “இப்ப அழுக்கே போகலையே!”

“பன்னண்டு வருஷமா பண்றேன் சார். எவ்வளவு விடணும்னு இப்ப எனக்கே புரியல.”

கணவர் இந்த முறை கேலி செய்யவில்லை. குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“வேற ஆளைப் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க” என்றார் மேலாளர். அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்.” நான் அவர் முன்னால் போய் நின்றேன். “அக்கா மேல தப்பில்ல. ஃபேனை ராத்திரி முழுக்க நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன்.”

“நீயா? எதுக்கு?”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“வேற கம்பெனில வேலைக்கு இன்டர்வியூ சார். இந்த ரூம்ல உக்காந்துதான் பேசினேன்.”