அழைப்பு அப்பாவுக்கு வந்தது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. போன மாதம் ஒரு கூட்டத்தில், "உங்களை எழுத வைத்தது யார்?" என்று கேட்டார்கள். "அப்பா" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "பல்கலைக்கழகத்தில் தனக்குக் கிடைத்த இடத்தை எனக்காக விட்டுக்கொடுத்தவர்" என்றும் சேர்த்தேன். கைதட்டினார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது.

சொன்னதில் பாதி உண்மை. மற்ற பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் மகள் நான்தான். இருந்தாலும் 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் என் பக்கமே சாய்ந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

2

முதல் தொடக்கம்: "கயிறு அறுந்த லிஃப்டைப் போல அவள் மனம் பாதாளத்தை நோக்கி—"

வேண்டாம்.

இரண்டாவது: "அவளுடைய அப்பா ஒரு மேதை."

இதுவும் வேண்டாம். மேதை என்று சொல்லிவிட்டால் அவர் பட்டது பெரிய மனிதர்களின் கஷ்டமாகிவிடும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பதினெட்டு வயதில் படிப்பை விட்டு வேலையில் சேர்ந்தவர். மாடிக்கு மேல் மாடியாக ஏறி, மொட்டை மாடி மெஷின் ரூமில் மோட்டார் சூட்டில் உட்கார்ந்து சாப்பிடுபவர். அப்படியே தொடங்கலாம்.

3

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தடுமாறினாள். சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. லிஃப்ட்காரர் அவளுடைய பாடப் புத்தகங்களின் பழைய பிரதிகளை வாங்கி வேலைக்கு எடுத்துப் போனார். நாளை அவள் படிக்க வேண்டிய பாடத்தை இன்று மெஷின் ரூமில் அவர் படித்தார். சாயங்காலம் வந்து, ஏதோ நெடுநாளாகத் தெரிந்தவர் மாதிரி விளக்கினார். வருஷ முடிவில் அவள் பாடத்தை முடித்திருந்தாள். அவர் பாடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்று அறிவிப்பில் பார்த்ததும் அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது.

"சும்மா எழுதிப் பாருங்கப்பா. எனக்குத் துணைக்கு."

விண்ணப்பத்தை நிரப்பியவளும் அவள்தான். (இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

இருவருக்கும் இடம் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "அப்பனும் பொண்ணும் ஒரே பெஞ்சா? டீச்சர் யாரை முட்டி போடச் சொல்லுவாங்க?" என்று கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. "ஒரே வீட்டுல ரெண்டு பேர் ஒரே பரீட்சை எழுதினா, ஒருத்தர் கண்ணு கலங்காம முடியாது" என்றாள்.

லிஃப்ட்காரருக்குச் சேரும் எண்ணம் கிடையாது. வேலையை விட்டுவிட்டு எப்படிப் படிப்பது? அவளுக்கோ சேர்வது மட்டும் போதவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் 'அறிஞர் திட்டம்' என்று ஒன்று இருந்தது. தேர்வெழுதிய அத்தனை பேரிலும் முப்பது பேரை மட்டும் கடிதம் போட்டு அழைப்பார்கள். உதவித்தொகை, தனி நூலகம், ஆளுக்கொரு பேராசிரியர். அழைப்பு நான்கு வாரத்துக்குள் வரும். அவள் தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றாள்.

4

பதினாறாம் நாள் உறை வந்தது. இடது மூலையில் பல்கலைக்கழக முத்திரை. பெயரைப் பார்க்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. கிழித்தாள். 'பெருமகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்' என்பது வரைக்கும்தான் படித்தாள். குதித்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து ஒரு பிடி சர்க்கரையை அவள் வாயில் போட்டாள். சர்க்கரை நாக்கில் கரைந்துகொண்டிருக்கும்போதுதான் மேலே இருந்த பெயரைப் படித்தாள்.

அப்பாவின் பெயர்.

கையில் கிரீஸோடு வந்தவரிடம் அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஈரம் துடைத்தார். பிறகு நின்றுகொண்டே படித்தார்.

"தப்பா அனுப்பிட்டாங்களோ?"

மறுநாள் போன் போட்டுக் கேட்டார். தப்பில்லை. பத்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும்.

அடுத்த எட்டு நாட்களில் இருந்த அப்பாவை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சீழ்க்கையடித்தார். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து, முதல் பக்கத்தில் பெயரெழுதி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். அவளோ இன்னும் தபால்காரருக்காக நின்றாள்.

5

ஒன்பதாம் நாள் காலை. தட்டு முன்னால் உட்கார்ந்தபோது அவர் சொன்னார்:

"உனக்கும் வந்துடும்மா. வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம். என்ன சொல்றே?"

அவள் தட்டைப் பார்த்தபடி, "அப்பா, இந்த வயசுல உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றாள்.

அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அன்றே 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இயலவில்லை' என்று பதில் எழுதிப் போட்டார். அவர் விட்ட இடம் அவளுக்கு வரும் என்ற நம்பிக்கையில்—

வரவில்லை. அவள் சாதாரண வகுப்பில் சேர்ந்தாள். அவர் லிஃப்டுகளுக்குத் திரும்பினார்.

6

இதுவரை எழுதியதை அப்பாவிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி. நான்கு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். ஓரமெல்லாம் பென்சில்.

'கயிறு அறுந்த லிஃப்ட்' என்பதன் கீழே: 'கயிறு ஒன்று இல்லை, ஆறு. ஆறும் அறுந்தாலும் கீழே விழாது. சேஃப்டி பிரேக் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். அடித்ததுதான் சரி.'

'கோடு போட்ட நோட்டு' என்பதன் கீழே: 'கட்டம் போட்டது. கணக்கு நோட்டு.'

ஐந்தாம் பகுதியில் அவள் பேசும் வாக்கியத்தை மட்டும் அடித்திருந்தார். அளவுகோல் வைத்து நேராக. பக்கத்தில், அப்பாவின் சின்ன, நிமிர்ந்த எழுத்தில், நான் உண்மையில் சொன்னது இருந்தது:

'எனக்குக் கிடைக்க வேண்டிய இடத்துல நீங்க ஏம்பா வந்து நிக்கிறீங்க?'

ஒரு எழுத்துப் பிசகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எனக்கும் அது அப்படியேதான் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி.

இனி 'அவள்' வேண்டாம். நான்தான் சொன்னேன்.

7

காகிதங்களுக்கு நடுவில் அந்தப் பழைய உறையும் இருந்தது. "தேதி தப்பா எழுதியிருக்கே. பதினாறாம் நாள் இல்ல, பதினெட்டு. தபால் முத்திரையைப் பாரு" என்றார்.

உறைக்குள் இரண்டு தாள்கள்.

ஒன்று அழைப்பு. அதன் பின்பக்கத்தை நான் அன்று பார்க்கவேயில்லை. பொடி எழுத்தில் விதிகள். ஏழாவது விதி: 'அழைக்கப்பட்டவர் சேராவிட்டால் அந்த இடம் வேறு எவருக்கும் வழங்கப்படாது.' அப்பா எந்தத் தாளையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விடுபவரல்ல. லிஃப்ட் கம்பெனி அனுப்பும் குறிப்பேடுகளின் கடைசி வரிவரை படிப்பவர். அந்த இடம் எனக்கு வராது என்று தெரிந்தேதான் வேண்டாமென்று எழுதியிருக்கிறார்.

அப்படியானால் எனக்காக அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைக்குப் பிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது தாள் அவர் கம்பெனியினுடையது. மூன்று வருஷம் சம்பளமில்லா விடுப்பு, மேலாளர் கையெழுத்துடன். தேதி, நான் பேசியதற்கு முந்தைய நாள். அந்தக் காலை அவர் சட்டைப் பையில் அது இருந்திருக்கும். காட்டத்தான் பேச்சைத் தொடங்கியிருப்பார்.

(கூட்டத்தில் கைதட்டியவர்களில் யாராவது இதைப் படித்தால்— இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.)

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மகள் காலில் விழுகிறாள். அப்பா தூக்கி நிறுத்துகிறார். அந்த முழங்காலோடு அவரால் குனிய முடியாது. இன்னொன்றில் எழுபது வயதில் மறுபடி விண்ணப்பிக்கிறார், அழைப்பு வருகிறது. படிக்க நன்றாக இருக்கும். அதை எழுதினால் கூட்டத்தில் சொன்ன பொய்க்கு வட்டி கட்டியது போலாகும்.

நேற்றுக் காலை நேராகவே கேட்டேன். அப்பா ஜன்னலோரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போகாம விட்டது உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கதைக்காகக் கேக்கிறியா, உனக்காகக் கேக்கிறியா?"

"ஏம்பா?"

"கதைக்குன்னா ஒண்ணு சொல்றேன். நல்லா இருக்கும், எழுதிக்கோ. உனக்குன்னா அது வேற."

கதைக்கு என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு இங்கே ஒரு முடிவு கிடைத்திருக்கும். அவர் நன்றாகப் பேசுவார். நல்ல முடிவாகவே இருந்திருக்கும். என்னைவிட நீங்கள் தாராளமானவர்கள் என்றால், அவர் வாயில் வைக்க ஒரு வரி உங்களுக்கே தோன்றும். வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன்.

"எனக்குத்தாம்பா" என்றேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.