பக்கத்து கேபினில் மாமியார்

டாம்பா துறைமுகத்தில் கப்பலேற வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ரெனீட்டா அந்த மஞ்சள் பனியன்களைப் பார்த்தாள். பெரியவர்கள், பொடிசுகள், தள்ளுவண்டியில் தூங்கும் கைக்குழந்தை என்று கும்பல் முழுக்க ஒரே மஞ்சள். எந்தக் குடும்பமோ ஒன்றுகூடிக் கிளம்பியிருக்கிறது, கப்பல் தாங்குமா என்று சிரித்தாள். கும்பல் திரும்பியது. மார்பில் கொட்டை எழுத்தில் ‘டாலிவர் குடும்பம் கடலில்’ என்று இருந்தது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. முந்தின நாள்தான் மேக்கன் ஊர்த் தேவாலயத்தில் செட்ரிக் டாலிவரைக் கைப்பிடித்து அவளும் ஒரு டாலிவர் ஆகியிருந்தாள்.

“சர்ப்ரைஸ்!” என்று கைகளை விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள் மாமியார். ஊரே அவளை மிஸ் வெர்லீன் என்றுதான் கூப்பிடும், மருமகளும் அப்படித்தான். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தைக் குரலாலேயே கட்டி மேய்த்தவள். “வருஷா வருஷம் ஜூன்ல குடும்பம் கூடுவோம்ல, இந்த வருஷம் கல்யாணம் குறுக்க வந்துருச்சு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுட்டா என்னன்னு நெனச்சேன். இந்தா கண்ணு, உனக்கும் ஒண்ணு.”

ரெனீட்டாவின் பனியனில் பெயருக்குக் கீழே ‘மணப்பெண்’ என்று கூடுதலாக அச்சடித்திருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். செட்ரிக் தன் பெட்டியின் சக்கரத்தைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தான். தீயணைப்பு வண்டிகளையே பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குக்குக் கேவலம் ஒரு பெட்டிச் சக்கரத்தில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது?

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“ஒரு வாரமா,” என்றான், சக்கரத்தைப் பார்த்தபடியே.

கல்யாணத்துக்கு முன்பே ரெனீட்டாவுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. செட்ரிக் நல்லவன், கைவேலைக்காரன், குடிக்க மாட்டான், பொய் சொல்லத் தெரியாது. ஆனால் அம்மாவிடம் ‘வேண்டாம்’ என்ற வார்த்தை அவன் வாயில் வராது. அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். மிஸ் வெர்லீன் ஒற்றை ஆளாக வளர்த்தாள். அந்த நன்றி அவன் கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிவைத்தது. அவர்கள் கல்யாணத்துக்குக் கேக் தேர்ந்தெடுத்தது அவள், பாட்டு தேர்ந்தெடுத்தது அவள். தேனிலவையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் ரெனீட்டா கப்பலைத் தேர்ந்தெடுத்தாள். நடுக்கடலில் யார் வந்து கதவைத் தட்டப்போகிறார்கள்?

பக்கத்து கேபினிலிருந்து வந்து தட்டினார்கள். தட்டாத நேரத்தில் பால்கனித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது. காலையில் அவள் இரவு உடையோடு கடலைப் பார்க்கப் போய் நின்றால், தடுப்புக்கு மேலே ஒரு காபிக் கோப்பை எட்டிப் பார்க்கும். “செட்ரிக் எழுந்துட்டானா? வயித்துக்கு ஒண்ணும் இல்லியே? ராத்திரி அந்த இறாலைத் தின்னாதேன்னு சொன்னேன்.” சாப்பாட்டு மேஜையில் பெரியம்மா ஒடெஸா ஒவ்வொரு வேளையும் கண்ணடித்து, “என்ன, புது ஜோடி, தூங்குனீங்களா இல்லியா?” என்று மேஜைக்கே கேட்கும்படி விசாரிப்பாள். நீச்சல் குளத்தருகே மஞ்சள் பனியன்கள் வரிசை கட்டி ஆடினால் மணப்பெண் முன்வரிசையில் ஆட வேண்டும். அவளும் ஆடினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர்கள் பாசக்காரர்கள் என்பதுதான் கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம்.

முதலில் தொட்ட துறை கோஸ்டா மாயா. அங்கே மிஸ் வெர்லீன் எல்லாரையும் எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றினாள். அடுத்த நாள் கோசுமெல். அதற்கு முந்தின மாலை ரெனீட்டா கேபின் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“நான் உன்னைக் கட்டிக்கிட்டேனா, உங்க குடும்பத்தைக் கட்டிக்கிட்டேனா?”

“மெதுவா பேசு, அம்மாவுக்குக் கேட்டுரும்...”

“பாத்தியா! என் கேபின்ல நானே ரகசியமாப் பேசிட்டிருக்கேன். நாளைக்கு ஒரே ஒரு நாள், நீயும் நானும் மட்டும். போய்ச் சொல்லிட்டு வா.”

அவன் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “தீவைச் சுத்திக் காட்டுற பஸ்ஸுல நமக்கும் சேத்து எடம் போட்டுட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“தேங்க்யூ சொன்னேன்.”

அன்று அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. ஆயுசு முழுக்க இப்படியேதானா என்ற பயம்.

ஆனால் கோசுமெலில் பஸ்ஸுக்கு வரிசை நகர்ந்தபோது செட்ரிக் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “வா,” என்று இழுத்துக்கொண்டு நினைவுப்பொருள் கடைகளுக்குள் புகுந்தான். பின்வாசலால் வெளியே வந்து, டாக்ஸியில் ஏறி, தீவின் மறுபக்கக் கடற்கரை என்றான். பள்ளிக்கூடத்தை மட்டம் போட்ட பையனைப் போல அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

“அணைச்சு வை,” என்றாள் ரெனீட்டா.

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அணைத்தான்.

அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க அவர்களுடையது. மீன் வறுவல் தின்றார்கள், அலையில் புரண்டார்கள், ஓலைக் குடையின் நிழலில் ஒருவர் மடியில் ஒருவர் படுத்துத் தூங்கினார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனோடு தனியாகச் சிரித்தது அன்றுதான். கிளம்ப இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று அவள் போன் காட்டியது. கப்பல் ஓடுவது டாம்பா நேரத்தில், கோசுமெல் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால், போன் இறங்கியவுடன் தானாகவே கோசுமெல்காரி ஆகிவிட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவே இல்லை. கப்பலில் ஒலிபெருக்கி ‘கப்பல் நேரம், கப்பல் நேரம்’ என்று கத்தியபோதெல்லாம் அவள் மாமியார்மேல் கோபமாக இருந்தாள். கோஸ்டா மாயாவிலோ கடிகாரத்தைப் பார்க்கிற வேலையே இல்லை. அதற்குத்தான் மிஸ் வெர்லீன் இருந்தாளே.

பரிமாறுகிறவன் தட்டை எடுக்க வந்தபோது, “நீங்க எந்தக் கப்பல்?” என்று கேட்டான். சொன்னார்கள். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டான். “அது கிளம்புற நேரமாச்சே!”

டாக்ஸிக்காரன் பறந்தான். என்ன பறந்து என்ன? துறையின் நீளம் அவன் கையில் இல்லை. கடலுக்குள் நீண்டு கிடந்த அந்தப் பாலத்தில் இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மேல்தளத்தில் கைப்பிடி ஓரம் முழுக்கத் தலைகள். தாமதமாக ஓடிவருகிறவர்களுக்குக் கைதட்டி விசிலடிப்பது கப்பல் பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு. கோஸ்டா மாயாவில் ரெனீட்டாவும் தட்டியவள்தான். இப்போது அந்தத் தலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. “ஓடுறா செட்ரிக்! ஓடு பொண்ணே!” ஒடெஸா பெரியம்மா ஒரு துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

ஏணிப்பாலத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள். கயிற்றைத் தூக்கி எறிந்தார்கள். துறைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் தெரிந்தது, பிறகு நிறையத் தண்ணீர் தெரிந்தது. ஓட்டம் தானாக நடையாயிற்று.

துறையின் நுனியில் ஒரு மஞ்சள் பனியன் நின்றுகொண்டிருந்தது.

மிஸ் வெர்லீன். ஒரு கையில் சிவப்புக் கைப்பை, இன்னொரு கையில் இரண்டு பாஸ்போர்ட். காலில் கேபினுக்குள் போடுகிற வெள்ளைத் துணிச் செருப்பு. கேபின் ஊழியரைப் பிடித்து அவர்கள் அறையைத் திறக்கவைத்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அதிகாரி சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கியிருக்கிறாள்.

“அம்மா, நீங்க ஏன் எறங்குனீங்க?” செட்ரிக்குக்கு மூச்சு வாங்கியது.

“ஏன் எறங்குனேனா? எம் புள்ளைங்களை வேத்து நாட்டுல விட்டுட்டு நான் மேல உக்காந்து ஐஸ்கிரீம் திங்கணுமா?” அவள் குரல் துறை முழுக்கக் கேட்டது. “விரல் தேய போன் அடிச்சேன். நேரம் மாறிருக்கு, மாறிருக்குன்னு சொல்றதுக்குத்தான்டா அடிச்சேன்! போன் என்னாச்சு?”

ரெனீட்டா செட்ரிக்கைப் பார்த்தாள். சார்ஜ் தீர்ந்துபோச்சு என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அல்லது, இவள்தான் அணைக்கச் சொன்னாள் என்று சொன்னாலும் அது உண்மைதான். இரண்டில் எதைச் சொன்னாலும் தன் கல்யாணம் இந்தத் துறையிலேயே முடிந்தது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தன்மேல் தவறு இருக்கிறது என்பதும் தெரிந்தது. தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

“நான்தான் அணைச்சு வச்சேன்,” என்றான் செட்ரிக்.

“என்னது?”

“தெரிஞ்சேதான் அணைச்சேன்மா. இவகூட ஒரு நாள் தனியா இருக்கணும்னு தோணுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிருக்கணும், இந்தப் பயணத்துக்கு நீங்க யாரும் வர வேண்டாம்னு. பயந்துட்டேன். பயந்து, இவளை நோகடிச்சேன். இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்.” அவன் தலை குனியவில்லை.

மிஸ் வெர்லீனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவள், பாஸ்போர்ட்டுகளை மெதுவாக அவன் கையில் வைத்தாள். “அப்ப நான் எறங்கியிருக்க வேண்டியதில்ல,” என்றாள்.

கப்பல் நீளமாக ஊதியது. மேலே மஞ்சள் கூட்டம் சின்னதாகிக்கொண்டே கையசைத்தது. அவள் அங்கிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “போங்க, ரெண்டு பேரும். உங்களுக்கு வேண்டிய மாதிரி இருங்க. நான் எனக்கொரு ஓட்டல் பாத்துக்குவேன். இவ்வளவு காலம் பாத்துக்கலியா?”

செட்ரிக் அசையவில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ரெனீட்டாவையே பார்த்தான்.

எதற்காக ஐந்து நாளாக ஏங்கினாளோ அது இதோ, கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. அந்தத் துணிச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்தத் தீவிலிருந்து வீட்டுக்குச் சாலை கிடையாது. விமானம்தான். மிஸ் வெர்லீனுக்கு விமானம் என்றாலே ஆகாது. டெட்ராய்ட்டில் சொந்தத் தங்கை செத்ததற்கே பஸ்ஸில் போனவள். ஏணிப்பாலத்தை விட்டுக் காலெடுத்து வைக்கும்போது அது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ரெனீட்டா அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். “ஒரே ஓட்டல்தான், மிஸ் வெர்லீன். ரெண்டு ரூம்.”

“வேற வேற மாடில,” என்றாள் மாமியார் உடனே. “நான் கட்டிட்டு வந்தப்ப என் மாமியார் கட்டில் செவுத்துக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு. அந்தம்மா பொரண்டு படுத்தாக் கூட எனக்குக் கேக்கும். அவர்கிட்ட ஒரு வார்த்தை சிரிச்சுப் பேச முடியாது.”

“அது தெரிஞ்சுமா பக்கத்து கேபினை எடுத்தீங்க?” வாய்க்கு வந்ததை ரெனீட்டா கேட்டே விட்டாள்.

மிஸ் வெர்லீன் கோபப்படவில்லை. “தெரிஞ்சேதான் எடுத்தேன். போன மாசம் சாமான் எடுக்க வந்த இவன், வீட்டுச் சாவியைச் சமையல் மேஜைல வச்சுட்டுப் போனான். அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான் தயாரா இல்லடி. அப்பறம் அந்த வீட்டுல ராத்திரி உக்காந்து பாத்தேன். முடியல.” புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.”

ரெனீட்டா மாமியாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் அந்த நீளத் துறையில் கரைப்பக்கம் நடந்தார்கள். துணிச் செருப்பு வழுக்கியதால் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.

கொண்டுவந்துவிட்ட டாக்ஸிக்காரன் இவர்கள் கதி என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தவன்போல அங்கேயே காத்திருந்தான். செட்ரிக் பின்கதவைத் திறந்து அம்மாவுக்கு வழிவிட்டான். மிஸ் வெர்லீன் அவனைச் சுற்றிக்கொண்டு போய், முன்கதவைத் தானே திறந்து, ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பைக்குக் கை நீட்டினாள்.

“நீங்க ரெண்டு பேரும் பின்னாடி உக்காருங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்,” என்றாள். கார் நகர்ந்த பிறகு, சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். “ஆனா இப்பவே சொல்லிட்டேன், விமானத்துல மட்டும் நடுவுல நான்தான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் புடிச்சுக்கணும்.”