இடப்பக்கச் சக்கரங்கள்

“ஏறி மிதிக்காதண்ணா, முறிஞ்சு போயிரும்.”

“பின்ன வீல எப்படிக் கழட்டறது? வலப்பக்கம் ரெண்டும் இப்படித்தான வந்துச்சு?”

ஸ்பேனரில் செருகிய இரும்புக் குழாயின் மேல் பெனடிக்ட் இரண்டு காலையும் வைத்து நின்றான். டிக்கென்று ஒரு சத்தம். குழாய் கீழே போனது, கூடவே அவனும். தங்கச்சி பிந்து குனிந்து எடுத்துப் பார்த்தாள். போல்ட்டே முறிந்து நட்டோடு கையில் வந்திருந்தது.

“ஆச்சு. இன்னும் நாலு இருக்குது, அதையும் மிதி.”

மணி இரண்டரை. நாலு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. வீட்டுக்குள் அப்பா சந்தியாகு கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. கருமத்தம்பட்டித் தறிக்குடோன்களுக்கு நாற்பது வருஷம் பாவு நூல் ஏற்றிப் போனவர் என்பதால் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. பச்சை நிறத்தில், மூக்கு நீண்ட அவருடைய பிக்கப் அவரைவிட ஏழு வயது மூத்தது. “என்னைய இதுலதான் கொண்டுபோகோணும். வேன்ல ஏத்துனீங்கன்னா எந்திரிச்சு எறங்கிப்போடுவேன்” என்பார்.

ஆனால் வண்டி ரோட்டைப் பார்த்து மூன்று வருஷமாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்து எஞ்சினை மட்டும் ஓடவிடுவார். டயரெல்லாம் வெடிப்பு. அந்த அளவில் டயர் இப்போது யாரும் செய்வதில்லை. பிந்து ஈஸ்டருக்கு வந்தபோது, கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் அளவு கொடுத்து, புது டயர் மாட்டுகிற மாதிரி நாலு வீல் செய்து, டயரோடு கொண்டுவந்தாள். அப்பா அவற்றை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“கெழவனுக்கு ஜீன்ஸ் போட்டுட்ட மாதிரி இருக்குது. நான் இருக்கறவரைக்கும் மாட்ட வேண்டாம் கண்ணு.”

அத்தோடு சரி. வீல்கள் ஷெட்டில் சாக்குக்கடியில் கிடந்தன. இன்று காலையில் சாக்கை இழுத்துப் போட்டது பிந்துதான்.

“இருக்கறவரைக்கும்னுதான சொன்னாரு,” என்று அண்ணனிடம் சொன்னாள். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியாததால் கேட்கவில்லை.

பஞ்சர் கடைக் கதிர் ரோட்டில் நின்ற அமரர் வேன் வரைக்கும் போய்விட்டு வந்தான்.

“அக்கா, வேன்காரர் கேக்கறாருங்க. நிக்கறதா, போறதான்னு.”

“மூணேகால் வரைக்கும் இருக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள ஆகலீன்னா அதுலயே ஏத்திக்கலாம்.”

சொல்லிவிட்டு, முறிந்த போல்ட்டைத் துப்பட்டாவில் துடைத்தாள். முனையில், கிரீஸுக்கு அடியில், பொடியாக ஓர் ஆங்கில எழுத்து. எல்.

“கதிரு, எல்லுன்னா லெஃப்ட். இந்தப் பக்கம் மரை தலைகீழ். நாம இறுக்கிட்டு இருக்கறமுங்க. வலப்பக்கமாத் திருப்புங்க.”

கதிர் நம்பாமல்தான் திருப்பினான். நட்டு ஒருதரம் கிறீச்சிட்டது. அப்புறம் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டு வந்தது.

“நாப்பது வருஷமா ஊட்டுல இருக்கற வண்டி. இது தெரியல பாரு உனக்கு,” என்றாள் பிந்து.

“எங்க தொட உட்டாரு?” பெனடிக்ட் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். “கண்ணாடி தொடைக்கறதுக்கே பர்மிஷன் கேக்கோணும்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவும் அடக்கிக்கொண்டார்கள்.

மூன்று பத்துக்கு நாலு வீலும் ஏறிவிட்டன. முறிந்தது போக மிச்சமிருந்த நாலு போல்ட்டே தாங்கும் என்றான் கதிர். வண்டி முன்பைவிட நாலு விரற்கடை தாழ்ந்து நின்றது. பிந்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இரண்டாவது தடவையே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். காலையிலிருந்து பெட்டியை விட்டு நகராதவள்.  அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முன்சக்கரத்தருகே குந்தி, புது டயரில் மயிர்போல நீட்டிக்கொண்டிருந்த ரப்பர்த் துணுக்குகளைத் தடவினாள். ஒன்றைப் பிய்த்தாள். 

பிந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

“அவரு இன்னும் ஊட்டுலதான இருக்கறாரு. பழசையே மாட்டிப்போடு கண்ணு,” என்றாள் அம்மா. “அரைக் கிலோமீட்டர்தான. எல்லாருமாத் தள்ளிட்டுப் போயிரலாம்.”

ஜாக்கியை மடக்கிக் கோணிப்பைக்குள் வைக்கப்போன கதிர், அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பிந்துவைப் பார்த்தான்.