தூண் பேசிய ஆண்டின் சதுரங்கப் போட்டி

ஆரஞ்சு கிலோ எட்டாயிரம் ரூபியாவுக்கு விற்று, முட்டைக்கோஸ் கேட்பாரற்று வயலிலேயே அழுகிய ஆண்டில், குத்தா மெஹுலி ஊர்க்கூடத்தின் மூன்றாவது தூண் வாய் திறந்து பேசியது. அதுவரை அதற்குக் கேட்டுத்தான் பழக்கம். கரோ மலைநாட்டில் மருமகனும் மாமியாரும், மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. ஒரே பலகையில் உட்காரவும் கூடாது. சொல்ல வேண்டியதை மூன்றாவது ஆளிடம் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுவரிடமோ அடுப்பிடமோ சொல்லலாம். ஊர்க்கூடத்துக்குச் சுவர் கிடையாது, கூரையும் தூண்களும்தான். ஆகவே மருமகன்களும் மாமியார்களும், மாமனார்களும் மருமகள்களும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தூணிடமே சொல்லிவந்தார்கள். "தூணே, மாமிகிட்டச் சொல்லு, பன்னி வெந்துடுச்சு." "தூணே, மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, உப்பு பத்தல." இத்தனை பேச்சைக் குடித்த மரம் ஒருநாள் திருப்பிப் பேசும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள்.

தூணைப் பேசவைத்தவன் தெர்கெலின் தாரிகன், காய்கறி லாரிக்காரன். அவனுக்கு உட்காரத் தெரியாது. பெலிதாவின் காப்பிக்கடையில் மற்றவர்கள் காலையில் விரித்த சதுரங்கப் பலகையை மாலையில்தான் மடக்குவார்கள். அவனோ நின்றபடி மூன்று பேரோடு ஒரே நேரத்தில் ஆடி, மூன்று ஆட்டத்தையும் பாதியில் விட்டுவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். அவன் வீட்டுக்குப் பின்னால் பாதி தோண்டிய மீன்குளம் இருந்தது. வீட்டின் தலையில், வராத மாடிக்காக நீட்டிவிட்ட கம்பிகள் துருப்பிடித்து நின்றன. அந்த ஆண்டு அவன் மனைவி ரெஹுலினா, மகள் எகியாவைக் கூட்டிக்கொண்டு, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த தன் தாய் வீட்டுக்குப் போனாள். போகும்போது சண்டை போடவில்லை. "ஒரே ஒரு காரியத்தை ஆரம்பிச்சு முடிச்சுக் காட்டுங்க, எகியா அப்பா. செருப்பு தைக்கிறதா இருந்தாலும் சரி. அன்னிக்கு வர்றேன்" என்றாள்.

அதே வாரம், ஊர்ப் பிள்ளைகள் கீழே நகரத்தில் நடந்த போட்டிக்குப் போய், நுழைவுக் கட்டணம் கேட்டதால் ஆடாமலே திரும்பி வந்தார்கள். எகியாவும் அவர்களில் ஒருத்தி. அவள் சாலையைத் தாண்டிப் பாட்டி வீட்டுப் பக்கம் போவதைக் காப்பிக்கடையிலிருந்து பார்த்த தெர்கெலின், ஆரஞ்சு அறுவடை முடிந்ததும் மலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் நம் ஊர்க்கூடத்தில் போட்டி, கட்டணம் இல்லை, இரண்டு நாள் சோறு உண்டு என்று அறிவித்தான். பெலிதா காப்பியை ஆற்றிக்கொண்டே, "மச்சான், மொதல்ல மீன்குளத்துக்குத் தண்ணி விடுங்க. அப்புறம் ஊருக்குச் சோறு போடலாம்" என்றான். கடை சிரித்து ஓய்வதற்குள் தெர்கெலின் நகரத்து வானொலிக்குத் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தான்.

செலவு அதன் பிறகுதான் தெரிய வந்தது. ஆட்டக் கடிகாரங்களைப் பெருநகரமான மேடானிலிருந்து வாடகைக்குக் கொண்டுவர வேண்டும், நடுவருக்குப் பயணப்படி தர வேண்டும், பதக்கம் வாங்க வேண்டும். உரக்கடைக்காரர் பதாகை மட்டும் தருவதாகச் சொன்னார். தேர்தலில் நிற்கவிருந்த ஒருவர், ராஜாக் காயின் தலையில் தன் முகத்தை ஒட்டினால் பணம் தருவேன் என்றார். இவையெல்லாம் எப்படியோ சமாளிக்கக் கூடியவை. சோறுதான் அவனைக் கவிழ்த்தது. அந்த ஊரில் கல்யாணமோ சாவோ வந்தால், அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் வந்து அடுப்பு மூட்டுவார்கள், அரிசியும் விறகும் சுமப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது. ஆனால் சதுரங்கப் போட்டி எந்த வீட்டின் காரியம்? அதற்குப் பெண் கொடுத்தவர் யார், எடுத்தவர் யார்? யாருக்கும் தெரியவில்லை. அதனால் உதவ மனமிருந்தவர்கள்கூட எந்த உரிமையில் கரண்டியைத் தொடுவது என்று தயங்கி நின்றார்கள். நகரத்துச் சமையல்காரர் கேட்ட தொகைக்கு லாரியை விற்றாலும் போதாது. தெர்கெலின் அந்த நாட்களில் சரக்கே இல்லாமல் லாரியை மலைமேலும் கீழுமாக ஓட்டினான். போட்டியை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு வளைவிலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வளைவில் சாலையைத் தாண்டும் எகியாவின் முதுகு தெரியும்.

ஊர் கூடிக் கேட்டது. ஊர்க்கூடத்தில் பெண்கள் பக்கம் அவன் மாமியார் ரோஸ்மலெம் வெற்றிலை மென்றபடி இருந்தாள். பெரிய ஆரஞ்சுத் தோட்டத்துக்காரி, செம்பிரிங் குலத்து வீட்டின் விதவைத் தலைவி. அவள் தூணைப் பார்த்து, "தூணே, மாப்பிள்ளைகிட்டக் கேளு, ஊரான் புள்ளைங்கள வரச்சொல்லிட்டாரே, செலவுக்கு வழி இருக்கா?" என்றாள். தெர்கெலின் நின்றுகொண்டேதான் பதில் சொன்னான்.

"தூணே, மாமிகிட்டச் சொல்லு, எல்லாம் தயாரா இருக்கு. அவங்க நிம்மதியா வெத்தல போடட்டும்."

"சொல்ல மாட்டேன்," என்றது தூண். சளி பிடித்த கிழவனின் குரல். "பொய். இவன்கிட்ட ஒண்ணுமே இல்ல. லாரிக்கு டீசலே பெலிதா கடன்ல போட்டது."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி தூணைக் கேட்டுக்கொண்டார். தெர்கெலினின் கால்கள் சாலையைப் பார்த்துத் திரும்பின. ரெஹுலினா தாயின் பின்னால் உட்கார்ந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியா. தூணே, அப்ப அவர்கிட்ட..." என்று மாமியார் தொடங்கினாள்.

"இரு தாயி," என்றது தூண். "நீ முந்தி சொன்னதே இன்னும் பாக்கி இருக்கு. உன் வீட்டுக்காரரு சாகக் கெடந்தப்ப, மலை சாம்பலக் கக்குன அன்னிக்கு, ஒரு வண்டியும் வரல. இவன்தான் லாரியில ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டாந்து, சொந்தப் பாயில கண்ணு மூட வெச்சான். வழியில எங்கயும் நிறுத்தல. நீ மறுநா என்னைக் கட்டிப்புடிச்சு அழுதுட்டுச் சொன்ன, 'அந்தப் பையன் ஆரம்பிச்சு முடிச்ச காரியம் அது ஒண்ணு போதும்'னு. பக்கத்துல ஆள் இல்ல. நானும் அப்பப் பேச மாட்டேன். அதான் இப்பச் சொல்றேன்."

ரோஸ்மலெம் வெற்றிலையைத் துப்பப் பாத்திரம் தேடினாள். கூரையில் பழைய எரிமலைச் சாம்பல் சரிகிற ஓசை கேட்டது. பிறகு அவள், தூணைப் பார்க்காமலே, "சொல்லு. இந்தப் போட்டி இனிமே செம்பிரிங் வீட்டுக் காரியம். எங்க வீட்டுல பொண்ணு எடுத்தவனெல்லாம் வந்து அடுப்பப் பத்தவைக்கட்டும். மொத அடுப்பு மாப்பிள்ளையோடது" என்றாள்.

அந்த மலையில் செம்பிரிங் வீட்டில் பெண் எடுக்காத குடும்பம் குறைவு. மறுநாளிலிருந்து விறகும் அரிசியும் பன்றிகளும் வந்தன. கேட்காத உதவியும் வந்தது. அந்தத் தூணிடம் வாழ்நாளெல்லாம் பொய் சொன்ன மாமனார்களுக்கும் மருமகள்களுக்கும் உறக்கம் போய்விட்டது. அவர்கள் ஒவ்வொருவராக வந்து தூணின் காலடியில் ஒரு மூட்டை கோஸோ, கடிகார வாடகையோ, நடுவரின் பயணப்படியோ வைத்துவிட்டு, அது பேசுவதற்குள் விரைந்து நடந்தார்கள். விற்காத கோஸ் முழுவதும் அப்படித்தான் தீர்ந்தது. தூண் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பதக்கத்துக்கு வைத்த தொகையில் ஒருவர் குறைத்தபோது மட்டும் லேசாக இருமியது.

போட்டி நாட்களில் தெர்கெலின் விடியலிலிருந்து அடுப்படியில் நின்றான். இரண்டாம் நாள் மாலை எல்லாப் பலகைகளும் மடக்கப்பட்டு, ஒன்று மட்டும் மிஞ்சியது. எகியாவும் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும் ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களுமாக முடியாத ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாடகைக் கடிகாரங்களை இன்றே மேடானுக்குக் கொண்டுபோனால் என்ன, லாரியின் சக்கரத்தைப் பார்த்தால் என்ன என்று தெர்கெலினின் கால்கள் துடித்தன. கூடத்தின் ஓரம்வரை நாலு தடவை போய்த் திரும்பினான். ஐந்தாவது தடவை தூண், "உக்காருடா" என்றது. மேடான் நடுவர் எழுந்து வந்து, ஆட்டத்தின்போது பேசியதற்காகத் தூணுக்கு எச்சரிக்கை கொடுத்தார். மறுபடி பேசினால் கூடத்தை விட்டு வெளியேற்றப்படும் என்று முறைப்படி சொன்னார். தெர்கெலின் தூணடியில் உட்கார்ந்தான். எகியா வெல்லவில்லை. யானைகள் வெட்டுப்பட்டு, சிப்பாய்கள் ஒன்றையொன்று மறித்து நிற்க, இருவரும் கைகொடுத்துச் சமன் செய்துகொண்டார்கள். அவன் கடைசி நகர்வு வரை எழுந்திருக்கவில்லை. கால்கள் மரத்துப்போயிருந்தன.

ரெஹுலினா பலகையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். "எகியா அப்பா, கடிகாரம் நாளைக்குப் போகட்டும். மொதல்ல எங்க மெத்தைய லாரியில ஏத்துங்க" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் போட்டி நடக்கிறது. பன்றி வெட்டியதும் பங்கு பிரிக்கையில் மூன்றாவது தூணுக்கும் ஓர் இலை வைக்கிறார்கள். நடுவரின் எச்சரிக்கையை மதித்து அது பிறகு பேசவில்லை. மீன்குளம் இன்னும் பாதியில்தான் கிடக்கிறது. கடைசி ஆட்டம் நீளும்போது தெர்கெலின் தூணின் இந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறான். அந்தப் பக்கம் அவன் மாமியார் சாய்ந்து உட்காருகிறாள். ஒரே பலகையில் உட்காரக் கூடாது என்பதுதான் வழக்கம். தூணைப் பற்றி வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. தூணும் ஒன்றும் சொல்வதில்லை.