பதினோராயிரம் கோடுகள்

கூட்ட அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் பதினோராயிரம் குட்டிக் கோடுகள் இருக்கின்றன. நம் விண்மீன் மண்டலத்தின் நட்டநடுவில் காந்தப்புலம் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று காட்டும் கோடுகள். அத்தனையும் தப்பு என்று இன்று காலை கண்டுபிடித்தேன். தப்பைச் செய்தவளும் நானேதான்.

அங்குள்ள தூசியிலிருந்து வரும் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறதோ, அதற்குக் குறுக்காகத்தான் காந்தப்புலம் இருக்கும். ஆகவே தொலைநோக்கி தரும் ஒவ்வொரு கோட்டையும், இருந்த இடத்திலேயே, தொண்ணூறு பாகை திருப்ப வேண்டும். இந்த முறை தொலைநோக்கிக் குழுவினரே கோடுகளைத் திருப்பிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். கூட வந்த குறிப்பைப் படிக்காமல், பெரிய கெட்டிக்காரி மாதிரி, நான் இன்னொரு தடவை திருப்பிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பத்து வருடம் பிள்ளைகளை வளர்த்துவிட்டு ஆய்வுக்குத் திரும்பிய சக ஊழியை ஒருத்தி, போன மாதம் இதே அறையில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரெண்டு தடவை திருப்பிட்டோமோ, மேடம்?"

"பத்து வருஷம் வீட்ல இருந்தா அரிச்சுவடியே மறந்துடும் போல" என்றேன். அறையே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் காலையிலிருந்து என்னைப் பிடுங்கித் தின்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறக்கவில்லை.

இந்த வரைபடத்தை வைத்து ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம், மென்பொருள் கோளாறு என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார் இயக்குநர். ஒரு நிமிடம் என் மனம் அதில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"அன்னிக்கு அவங்க கேட்டதுதான் சரி. நான் குறிப்பைப் படிக்கல. அதுமட்டுமில்ல, உங்க எல்லார் முன்னாடியும் அவங்கள அசிங்கப்படுத்தினேன்."

அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் பழைய புத்தகத்தையெல்லாம் எடுத்து மறுபடி படிச்சேன் மேடம். எனக்குத்தான் மறந்துபோச்சோன்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து சுவரருகே போய், ஒரு கோட்டின் குறுக்கே பென்சிலால் சரியான கோட்டைப் போட்டாள். பிறகு அதற்கு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. அறையில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நான் குனிந்து, என் பையில் ஒரு பென்சிலாவது கிடக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தேன்.