எழுதாமல் விட்ட பழுப்புக் கடற்பஞ்சு

அருள்மணியின் பட்டியலை மூன்றாவது முறை படித்தபோது எனக்குத் தலை சூடாகிவிட்டது. தூத்துக்குடிக் கடலில் முங்கி, ஆறாம் திட்டின் பவளப்பாறைகளில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகளை எழுதி அனுப்புவது அவர் வேலை. டெல்லி அலுவலகத்தில் உட்கார்ந்து அதைச் சரிபார்ப்பது என் வேலை. அரிய இனங்கள் பன்னிரண்டை அழகாக எழுதியிருந்தார். பாறையெங்கும் படர்ந்து கிடக்கும் பழுப்புக் கடற்பஞ்சை மட்டும் காணோம்.

போன் போட்டேன்.

“எங்க பாத்தாலும் அதான மேடம் கெடக்கு. அத போயி என்னத்த எழுத?” என்றார்.

“பட்டியல்ல அதோட கட்டம் காலியா இருந்தா அது அங்க இல்லேன்னு அர்த்தம், அருள்மணி.”

“போட்டோவுல இருக்குமே மேடம்.”

இருந்தது. அரியவை ஒவ்வொன்றின் பின்னாலும் இருந்தது. போட்டோவைப் பார்த்துக் கடற்பஞ்சின் இனத்தைச் சொல்லிவிட முடிந்தால் எனக்கு எதற்குச் சம்பளம்? ஒரு துண்டை வெட்டி, ப்ளீச்சில் கரைத்து, மிஞ்சும் கண்ணாடி முட்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மகானுபாவர் அந்தத் துண்டையும் எடுக்கவில்லை. இப்போது கடல் கொந்தளிப்பு, ஒரு மாதத்துக்கு யாரும் இறங்க முடியாது. அந்தத் திட்டைத் தோண்டிப் படகுத்துறை கட்டலாமா என்று முடிவு செய்யும் கூட்டமோ இன்று மூன்று மணிக்கு.

கூட்டத்தின் தலைவர் பத்மநாபன் சாரின் அறைக்கு ஓடினேன்.

“உயிருள்ள பரப்பு நாலு பர்சென்ட்தாம்மா வருது. பத்துக்குக் கீழ இருந்தா தோண்டலாம், ரூல் அதான். அந்தப் பன்னெண்டையும் பேத்து வேற திட்டுல வெச்சிடலாம்” என்றார்.

“பழுப்ப சேத்தா அறுபது வரும் சார்.”

“அச்சா. அது அங்க இருந்ததா பழைய ரெக்கார்ட் ஒண்ணு காட்டுங்க, முடிவ தள்ளி வெக்கறேன்.”

பழைய ரெக்கார்ட் என்னிடமே இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன் முனைவர் பட்டத்துக்காக அதே திட்டில் முங்கியவள் நான். “பையா, ஜல்தி” என்று ஆட்டோக்காரரை விரட்டி, சரோஜினி நகர் மார்க்கெட் நெரிசலில் புழுங்கி, வீடு போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அருள்மணியை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அப்போது எழுதிய நோட்டு பரணில் கிடைத்தது. ஆறாம் திட்டு, பத்தொன்பது இனங்கள். ஒன்றின் பக்கத்தில் சந்தோஷம் தாங்காமல் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தேன். முன்னும் பின்னும் புரட்டினேன். பழுப்பு எங்குமே இல்லை. அதன்மேல் கையூன்றிக்கொண்டுதான் அந்த மூன்று நட்சத்திரக்காரியைப் படமெடுத்தேன். உள்ளங்கையில் அதன் சொரசொரப்பு கூட நினைவிருக்கிறது. என்மேலேயே அப்படியொரு எரிச்சல் வந்தது.

“கெடச்சுதாம்மா?” என்றார் பத்மநாபன் சார், மூன்று மணிக்கு.

“இல்ல சார். நானும் எழுதல.”

அவர் பேனாவைத் திறந்தார். பழுப்பின் காலிக் கட்டத்தில் ‘காணப்படவில்லை’ என்று நிரப்பி, தாளை என் பக்கம் தள்ளினார். கீழே, சரிபார்த்தவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில், முனைவர் சுஜாதா என்று என் பெயரை ஏற்கெனவே அச்சிட்டிருந்தார்கள்.