மூன்று இளநீர்

அன்புராஜுக்குப் போன் செய்து கெஞ்சியது அருள்மொழிதான். கணவன் கலைவேந்தனிடம் அதை அவள் சொல்லவில்லை.

"அண்ணே, முன்ன மாதிரி ஞாயித்துக்கெழமயில அவர பீச்சுக்குக் கூட்டிக்கினு போங்கண்ணே. வூட்டுலயே கெடந்து செவுத்தப் பாத்துக்கினு இருக்காரு."

"வேணும்னு வுட்டுட்டுப் போவல தங்கச்சி. அவன் எதிர்ல ஒக்காந்து எப்டி சாப்புடறதுன்னுதான்..." அன்புராஜ் இழுத்தான்.

"பரவால்லண்ணே. கூட இருந்தா போதும் அவருக்கு."

அன்புராஜ் தவளக்குப்பத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். பாகூர் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனும் கலைவேந்தனும் ஒரே பெஞ்சு.

கலைவேந்தனுக்குக் குருவிநத்தத்தில் மூன்று காணி நிலம், நெல்லும் கரும்பும். போன வருடம், முப்பத்தொன்பது வயதில், அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்யாமல் நின்றுவிட்டன. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் மூர்த்திக்குப்பம் கடற்கரை அவனுடையதுதான். படகு கரையேறும் நேரத்துக்குப் போய் நின்று மீன் பொறுக்குவான். சவுக்குத்தோப்பில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, எறா தொக்கும் நண்டு ரசமும் அவனே வைப்பான். பக்கத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் வெளியூர்க் குடும்பத்துக்கும் ஒரு தட்டு போகும். அப்படிச் சாப்பிட்டுப் போன பெங்களூர்க்காரர் ஒருவர் இன்னும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரிக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். அதற்குள் காபி, மாத்திரை, குழம்பு எல்லாம் அடக்கம். சாப்பாட்டில் உப்பு பேருக்குத்தான். முதல் நாளே நர்ஸ் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்: "பழத்துல கவனமா இருக்கணும். இளநீர் பக்கமே போவக் கூடாது. பொட்டாசியம் ஏறுனா ஹார்ட்டு நின்னுடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்புராஜ் காரோடு வந்தான். கூட, திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகும் இன்னொரு நண்பன் தணிகைவேல். கலைவேந்தன் பத்து நிமிடம் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். உப்பில்லாத சோற்றையும் அவித்த மீனையும் டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தாள் அருள்மொழி. கார் தெரு திரும்பியதும் அவளுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு வீடு லேசாக இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினாள்.

நாலு மணிக்குக் கார் திரும்பியது. கலைவேந்தனை இரண்டு பேரும் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள்.

"கால் மரத்துப் போச்சுன்றான் தங்கச்சி. நிக்க முடியல."

"இன்னா சாப்ட்டாரு?"

"ஒண்ணுமே சாப்புடல. நீ குடுத்த சோறுதான். பீரத் தொடல. எறா தொக்கு வெச்சோம், அதையும் மோந்து பாத்துட்டே புளி பத்தலன்னான். வெயிலா இருக்கேன்னு இளநி மட்டும் வெட்டிக் குடுத்தேன். ஒடம்புக்குக் குளிர்ச்சிதான? மூணு குடிச்சான்." நல்லதைச் செய்துவிட்ட முகத்தோடு சொன்னான் அன்புராஜ்.

அருள்மொழி கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. "கொன்னுட்டீங்களே! கொன்னுட்டீங்களேண்ணே!"

அன்புராஜ்தான் காரை ஓட்டினான். கடலூர் சாலை முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடற்கரைக்குப் போகிறவர்கள், திரும்புகிறவர்கள். ஹாரனில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. பின்சீட்டில் கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டபடி வந்தாள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மெஷினுக்குக் கொண்டு போனார்கள். "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் கலைவேந்தன் கண் விழித்தான்.

"இளநி குடிக்கக் கூடாதுன்னு தெரியும் இல்ல?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அப்புறம்?"

"எத நீட்னாலும் வேணாம் வேணாம்னுட்டே இருந்தேன். அன்பு மூஞ்சி சுண்டிப் போச்சு. இதையாவது குடிடான்னான். ஒண்ணோட நிறுத்திடலாம்னுதான் நெனச்சேன். தாகம் அருளு. ஒரு வருசத்துத் தாகம்."

"என்ன நெனச்சுப் பாத்தீங்களா?"

"அப்ப யாரையும் நெனைக்கல."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

"அன்புகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சே குடிச்சேன்னா தாங்க மாட்டான்."

வெளியே வராந்தாவில் அன்புராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான். பேண்ட்டில் நேற்றைய மணல் அப்படியே ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். அவள் ஒன்றும் பேசாமல் கடந்து போனாள். சொல்லக் கூடாது என்று கணவன் கேட்டுக்கொண்டதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் போன் செய்து கூட்டிப் போகச் சொன்னது அவள். குற்றம் அன்புராஜ் தலையில் இருக்கும் வரைக்கும் தன்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வாரம் அன்புராஜ் வரவில்லை. ஒரு நாள் தணிகைவேல் வந்து சொன்னான்: "கடய சரியா தொறக்கறதில்ல. சாப்புடறதும் இல்லயாம். நாந்தான் அவன சாவடிக்கப் பாத்தேன்னு பொலம்பிக்கினே இருக்கான்."

மறுநாள் காலையில் அருள்மொழி பஸ் ஏறித் தவளக்குப்பம் போனாள். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

"அவருக்குத் தெரியும்ணே. தெரிஞ்சுதான் குடிச்சாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நானும் வாய மூடிக்கினேன். எம்மேல பழி வந்துடப் போவுதுன்னு உங்கமேல வுட்டுட்டேன்."

அன்புராஜ் நிம்மதி அடைவான் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அவன் முகம் கறுத்தது.

"தெரிஞ்சே என் கையால வாங்கிக் குடிச்சானா?"

"அண்ணே..."

"செத்திருந்தா? ஆயுசுக்கும் நான் இன்னான்னு வாழ்ந்திருப்பேன்?"

ஷட்டரை இழுத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அவள் பஸ் பிடித்து வீடு சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கலைவேந்தனின் இடது கன்னம் சிவந்திருந்தது.

"அடிச்சுட்டான்" என்றான் அவளிடம். கோபமாகச் சொல்லவில்லை.

"இனிமே உன்ன கடலுக்குக் கூட்டிக்கினு போவ எனக்குத் தைரியம் இல்லடா" என்றான் அன்புராஜ். "கூப்புடாத. நானும் கூப்புட மாட்டேன்."

சொன்னபடியே அவன் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கார் வந்து வாசலில் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டயாலிசிஸ் முடியும் மட்டும் வெளியே காத்திருந்தான். அதற்கடுத்த வெள்ளியும் வந்தான். வழியில் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

நாலாவது வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது, நோணாங்குப்பம் பாலத்தில் கலைவேந்தன் கேட்டான்: "ஞாயித்துக்கெழம பீச்சுக்குப் போனீங்களா?"

"போவல."

"ஏன்டா?"

"உன்ன வுட்டுட்டு எப்டிடா சாப்புடறது?" என்றான் அன்புராஜ். பின்சீட்டிலிருந்த அருள்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.